கழுத்தில் கட்டியா? கத்திக்குப் பயப்படாதீர்கள்! ஊசியைப் பார்த்தும் மயங்காதீர்கள்!

கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் போதும். வீடே ஆடிப் போகிறது!

"கேன்சரா இருக்குமோ?" என்று மாமியார் மூக்கில் விரல் வைக்கிறார். "ஆபரேஷன் பண்ணா குரல் போயிடுமாமே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். "கல்யாணம் ஆகாத பொண்ணு. கழுத்துல தழும்பு விழுந்தா யாரு கட்டுவான்?" என்று அப்பா தலையில் கை வைக்கிறார். சம்பந்தப்பட்ட பெண்ணை மட்டும் யாரும் கேட்பது இல்லை.

இந்தப் பயத்துக்கு இப்போது புதிய மருந்து ஒன்று வந்திருக்கிறது. "வெட்டு இல்லை. தையல் இல்லை. ஒரே ஊசி. காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போகலாம்." தனியார் ஆஸ்பத்திரி விளம்பரங்களில் இந்தப் பேச்சு அடிபடுகிறது.

இது பொய்யா? இல்லை.

முழு உண்மையா? அதுவும் இல்லை.

நல்ல வைத்தியம்தான். ஆனால் யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. அயனம்பாக்கத்தில் இருந்து அம்பத்தூர் வரை, வேலைக்குப் போய் வயிறு கழுவும் குடும்பங்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பட்டாம்பூச்சி போல...

தைராய்டு என்பது தொண்டைக்கு முன்னால், மூச்சுக் குழாய் மேல் பட்டாம்பூச்சி போல உட்கார்ந்து இருக்கும் சின்ன சுரப்பி. உடம்பின் சூடு, நெஞ்சுத் துடிப்பு, எடை, மாதவிலக்கு எல்லாம் அது சுரக்கும் நீருக்குக் கட்டுப்பட்டவை.

அந்தச் சுரப்பிக்குள் சில சமயம் உருண்டை உருண்டையாகக் கட்டி வளரும். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். வயது ஏற ஏற இன்னும் அதிகம்.

எத்தனை பேருக்கு? கையால் தடவிப் பார்த்தே தெரியக் கூடிய கட்டி, பெரியவர்களில் நூற்றுக்கு 4 முதல் 7 பேருக்கு இருக்கும். ஸ்கேன் வைத்துத் தேடினால் கணக்கு எகிறி விடுகிறது. நூற்றுக்கு 19 பேரில் தொடங்கி 68 பேர் வரை கட்டி தெரிந்ததாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன!

அதாவது, நிறைந்த பஸ்ஸில் வரும் எல்லார் கழுத்திலும் ஸ்கேன் வைத்தால், டிரைவர், கண்டக்டர் உட்படப் பலருக்குக் கட்டி தெரியும். அவர்கள் எல்லாம் நோயாளிகளா? இல்லவே இல்லை.

அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில், கட்டிகளில் நூற்றுக்கு 7 முதல் 15 வரைதான் புற்றுநோய் என்று சொல்கிறது. மீதி எல்லாம் சாதுவான கட்டி. அது பரவாது. ஆளைக் கொல்லாது. பலருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும்.

முதலில் இந்தக் கணக்கு மனதில் பதிய வேண்டும். பயந்தவர்தான் பணத்தை எண்ணாமல் கொடுப்பார்.

வெட்டத் தெரிந்தவரே வெட்டாமல் நிறுத்தினார்

கத்தி வேண்டாம் என்கிற பேச்சு இன்று நேற்று வந்தது அல்ல.

ஒரு காலத்தில் தைராய்டு ஆபரேஷன் என்றால் உயிரோடு மேஜையை விட்டு இறங்குவது நிச்சயம் இல்லை. அவ்வளவு ரத்தம் போகும். சுவிட்சர்லாந்து நாட்டில் பெர்ன் நகரத்தில் இருந்த தியோடர் கோகர் என்ற டாக்டர்தான் ரத்தம் சிந்தாமல், நிதானமாக வெட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அவர் கையால் ஆயிரக் கணக்கில் ஆபரேஷன் நடந்தது. 1909-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தக் கோகர் 1883-ல் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். சுரப்பியை முழுக்க எடுத்து விட்ட நோயாளிகளை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். பலர் முகம் ஊதி, மந்தமாகி, பேச்சு இழுத்துப் போயிருந்தார்கள். சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதை அவர் அன்றோடு நிறுத்தினார். அந்தச் சுரப்பி உடம்புக்கு எவ்வளவு தேவை என்று உலகத்துக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

இன்று ஆபரேஷன் மிகவும் பாதுகாப்பானது. கை தேர்ந்த சர்ஜன்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுரப்பி ஆபரேஷனுக்கு என்றே தனித் துறை இருக்கிறது. ஆகவே "ஆபரேஷன் என்றாலே ஆபத்து" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனாலும் கத்திக்கு ஒரு விலை உண்டு. கழுத்தில் தழும்பு விழும். சுரப்பிக்குப் பின்னால் குரலுக்கான நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் குரல் கரகரத்துப் போகலாம். பக்கத்தில் பயறு அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. முழுச் சுரப்பியையும் எடுக்கும்போது அவை அடிபட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையும். கை கால் இழுக்கும். பாதிச் சுரப்பியை எடுத்தவர்களிலேயே சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பிறகு சுரப்பு குறைகிறது. முழுதும் எடுத்தால் ஆயுள் பூராவும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை.

புற்றுநோய் என்றால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாதுவான கட்டிக்கும் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்வியில் இருந்துதான் ஊசி வைத்தியம் பிறந்தது.

ஊசி என்ன செய்கிறது?

இத்தாலி டாக்டர்கள் 1990-ல் கட்டிக்குள் ஆல்கஹால் செலுத்திப் பார்த்தார்கள். 2000-ல் லேசர் ஒளியை உள்ளே விட்டுச் சுட்டார்கள். தென்கொரியா டாக்டர்கள் 2006-ல் ரேடியோ அலை ஊசியைச் சாதுக் கட்டியில் செலுத்தி, முடிவை வெளியிட்டார்கள். இன்று அதிகம் பேசப்படுவது இந்த ரேடியோ அலை ஊசிதான்.

நோயாளியைப் படுக்க வைப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. பல் பிடுங்கும்போது போடுவது போல, கழுத்தில் மரத்துப் போக ஊசி. பிறகு ஸ்கேன் திரையைப் பார்த்துக் கொண்டே, நீளமான மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விடுவார்கள். அதன் முனையில் மின் அலை பாயும். முனையைச் சுற்றி இருக்கும் சதை வேகும். திரையில் வெள்ளைப் புகை போலத் தெரியும். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஆழத்தில் இருந்து மேலே மேலே சுட்டுக் கொண்டு வருவார்கள்.

நடுவில், "ஏதாவது பேசும்மா" என்பார் டாக்டர். சும்மா பேச்சுக் கொடுப்பது அல்ல. குரல் நரம்புக்குச் சூடு பட்டதா என்று சோதிக்கிறார்.

அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து விடும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். தழும்பு கிடையாது. நல்ல சுரப்பி அப்படியே இருப்பதால், பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை தேவைப்படுவது இல்லை.

வெந்த கட்டி உடனே மறையாது. உடம்பு அதை மெல்ல மெல்லக் கரைக்கும். ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கும். சிலருக்கு முக்கால் பங்குக்கு மேலும் சுருங்குகிறது. ஆனால் முழுசாக மாயமாகி விடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அது வியாபாரப் பேச்சு.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. கொரியாவில் பல ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி போட்ட 1,459 பேரைக் கணக்கு எடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். 48 பேருக்குச் சிக்கல் ஏற்பட்டது. குரல் மாற்றம், ரத்தக் கட்டு, தோல் சூடு, கட்டி உடைவது போன்றவை. பெரும்பாலானவை தானாகச் சரியாகின. ஆக, நூற்றுக்கு மூன்று சொச்சம். குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை. அதுவும் கைப்பழக்கம் உள்ள டாக்டர்கள் கையில்!

இன்னொன்று. ஓரத்தில் வேகாமல் மிஞ்சிய கட்டி, சில வருஷம் கழித்து மறுபடி தலை தூக்கலாம். இரண்டாவது தடவை ஊசி, இரண்டாவது தடவை பணம். இதையும் முன்பே சொல்லி விடுவதுதான் நியாயம்.

வெந்த கட்டி லேபுக்குப் போகாது!

இங்கேதான் பலர் கவனிக்காத முக்கிய விஷயம் இருக்கிறது.

ஆபரேஷனில் வெட்டி எடுத்த கட்டி லேபுக்குப் போகும். அங்கே அறுத்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். உள்ளே புற்றுநோய் ஒளிந்திருந்தால் தெரிந்து விடும்.

ஊசியில் வெந்த கட்டி எங்கேயும் போகாது. கழுத்துக்குள்ளேயே கரைந்து விடும். உள்ளே புற்றுநோய் இருந்திருந்தால்? யாருக்கும் தெரியாது. பாதி வெந்த புற்றுநோய் உள்ளே தங்கி விடும்.

அதனால்தான் சூடு வைப்பதற்கு முன்பே கட்டி சாதுவானது என்று உறுதி செய்ய வேண்டும். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் சோதனை அது. "எஃப்.என்.ஏ.சி." என்பார்கள். அதன் முடிவை 'பெதஸ்டா' முறையில் ஆறு வகையாகப் பிரிப்பார்கள். இரண்டாம் வகை என்றால் சாது. மூன்று முதல் ஐந்து வரை சந்தேகம். ஆறு என்றால் புற்றுநோய்.

இந்தச் சோதனையும் எப்போதாவது ஏமாற்றும். ஆகவே, சூடு வைக்கும் முன் பொதுவாக இரண்டு தடவை செல் சோதனை செய்து, இரண்டிலும் சாது என்று வர வேண்டும் என்று ஐரோப்பிய தைராய்டு சங்கம் 2020-ல் வழிகாட்டியது. ஸ்கேனிலேயே கொஞ்சமும் சந்தேகம் இல்லாத கட்டி, சூடான கட்டி போன்றவற்றுக்கு ஒரு தடவை போதும் என்கிறது.

"ஸ்கேன்ல நல்லாத்தான் இருக்கு, நாளைக்கே சுட்டுடலாம்" என்று எங்கேயாவது சொன்னால், எழுந்து வந்து விடுவது நல்லது.

கொரியா கற்றுக் கொடுத்த பாடம்

ஊசியைப் பிரபலமாக்கிய தென்கொரியாதான், ஊருக்கெல்லாம் ஸ்கேன் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம்.

1999-ல் அந்த நாட்டு அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள், "கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுங்க, கழுத்தையும் பார்த்துடலாம்" என்றன. மக்களும் கொடுத்தார்கள். விளைவு? 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு, 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்த ஒரே வருஷத்தில் 40,000 பேருக்கு மேல் நோய் என்றார்கள். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் நடந்தது.

சாவு குறைந்ததா? இல்லை. அப்படியே இருந்தது. எந்தக் காலத்திலும் தொந்தரவு தராத கட்டிகளைத் தேடிப் பிடித்து வெட்டியதுதான் மிச்சம். 2014-ல் அந்த நாட்டு டாக்டர்கள் சிலரே வெளியே வந்து, "போதும், நிறுத்துங்கள்" என்றார்கள். அதன் பிறகுதான் வேகம் குறைந்தது. ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்குத் தைராய்டு ஸ்கேன் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்காவில் அரசு நியமித்த நிபுணர் குழு 2017-ல் சொன்னது.

நம் ஊரில் 'மாஸ்டர் செக்கப்' மோகம் இருக்கிறது. அதில் கழுத்து ஸ்கேனும் சேர்ந்தால், அரை சென்டிமீட்டர் கட்டிகள் ஆயிரக் கணக்கில் கிளம்பும். வெட்டு என்றாலாவது ஜனங்கள் இரண்டு தடவை யோசிப்பார்கள். "ஒரே ஊசிதான்" என்றால் யோசிக்காமல் தலை ஆட்டி விடுவார்கள். சுலபமான வைத்தியம் என்றால், தேவையில்லாத வைத்தியமாக மாறுவதும் சுலபம்.

யாருக்கு எது?

சின்னக் கட்டி, சோதனையில் சாது, விழுங்கவும் மூச்சு விடவும் கஷ்டம் இல்லை, வெளியே தெரியவும் இல்லை. இவர்களுக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

சாதுக் கட்டிதான், ஆனால் தொண்டையை அடைக்கிறது, கழுத்தில் துருத்திக் கொண்டு நிற்கிறது. இவர்களுக்குத்தான் ரேடியோ அலை ஊசி.

உள்ளே தண்ணீர் நிறைந்த கட்டி. தண்ணீரை உறிஞ்சி விட்டு ஆல்கஹால் ஊசி போடுவதுதான் முதல் வழி. அதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். செலவும் குறைவு. தண்ணீர்க் கட்டிக்கு எடுத்த எடுப்பிலேயே ரேடியோ அலை என்று பில் போட்டால், ஏன் என்று கேட்க வேண்டும்.

சந்தேகக் கட்டி, புற்றுநோய், நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கிய பெரிய கழலை. இவர்கள் சர்ஜனைப் பார்க்க வேண்டும். இவர்களிடம் "ஊசியே போதும்" என்று ஆசை காட்டுவது பாவம்.

சுரப்பு அதிகமாகும் சூடான கட்டிக்கு அயோடின் கதிர் மருந்தும் உண்டு, ஆபரேஷனும் உண்டு. முதலில் ரத்த சோதனை. கர்ப்பிணிகளும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லி விட வேண்டும்.

"மாத்திரை போட்டால் கட்டி கரைந்து விடும்" என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. உப்பில் அயோடின் கிடைக்கும் ஊர்களில், சாதுக் கட்டியைக் கரைக்க வழக்கமாக மாத்திரை கொடுக்க வேண்டாம் என்றுதான் 2015 வழிகாட்டியும் சொல்கிறது. நம் நாட்டில் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-ல் தடை வந்தது.

கூலிக்காரர் கழுத்துக்கு என்ன வழி?

அயனம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. அப்பல்லோவின் வானகரம் ஆஸ்பத்திரி, வானகரம் - அம்பத்தூர் சாலையில் அயனம்பாக்கத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் தினக்கூலிக்காரர் கால் தனியார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புமா? அது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கீழ்ப்பாக்கத்தை நோக்கியும், ரயில் ஏறி சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியை நோக்கியும்தான் போகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி தைக்கப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். கட்டியால் சாப்பாடு இறங்கவில்லை. ஆபரேஷன் என்றால் சில நாள் ஆஸ்பத்திரி, ஒன்றிரண்டு வாரம் ஓய்வு. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஈ.எஸ்.ஐ. இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். கான்டிராக்டில் ஈ.எஸ்.ஐ. பிடிக்காமல் வேலை வாங்கினால் அதுவும் இல்லை.

ஊசி என்றால் இரண்டு மூன்று நாளில் மெஷினில் உட்கார்ந்து விடலாம். ஆக, இந்த வைத்தியம் உண்மையில் யாருக்கு அதிகம் தேவை? காரில் வருபவருக்கா, கம்பெனி வேனில் வருபவருக்கா?

காய்கறி கூவி விற்பவர், டீச்சர், கண்டக்டர்... குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். தழும்புக்குப் பயந்து வைத்தியமே வேண்டாம் என்று சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக் கொண்டு நடக்கும் பெண்களுக்கும் இதே கேள்விதான்.

காசு உள்ளவருக்கு ஊசி, இல்லாதவருக்குக் கத்தி என்று ஆகி விடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என்று பெருமைப்படும் மாநிலம் இது. கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, பெரிய ஆஸ்பத்திரி மூன்றிலும் ஸ்கேன் டாக்டர் உண்டு, சர்ஜன் உண்டு, லேப் உண்டு. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, "இந்தக் கட்டிக்கு இதுதான்" என்று முடிவு செய்ய முடியும். கத்தி மட்டும் தெரிந்தவர் கத்தி என்பார். ஊசி மட்டும் தெரிந்தவர் ஊசி என்பார். இரண்டும் தெரிந்த இடத்தில்தான் நியாயம் கிடைக்கும்.

ஆகவே அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அங்கே இருக்கும் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதன் பட்டியலில் தைராய்டு ஊசி வைத்தியத்துக்குத் தெளிவான இடமும், தெளிவான நிபந்தனையும் வேண்டும். செல் சோதனையில் சாது என்று காட்டும் அறிக்கை, நோயாளிக்கு என்ன தொந்தரவு என்ற குறிப்பு, கட்டியின் அளவு... இவை இல்லாமல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. அப்போதுதான் தேவை உள்ளவருக்குக் கிடைக்கும். தேவை இல்லாதவர் கழுத்தில் சூடும் விழாது.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. "வெட்டு இல்லை, தையல் இல்லை" என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். "சாதுக் கட்டிக்கு மட்டும்" என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். மொத்தச் செலவை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஊசி புதியதா என்று நோயாளி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கழுத்து அது!

நோயாளியும் வாய் திறக்க வேண்டும். நாலே கேள்வி. "என் கட்டி எந்த வகைன்னு ரிப்போர்ட்ல இருக்கு டாக்டர்?" "இப்போ ஒண்ணும் செய்யாம விட்டா என்ன ஆகும்?" "நீங்க இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?" "மறுபடி வளர்ந்தா என்ன செய்யறது, யார் செலவு?"

இந்த நாலுக்கும் நிதானமாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் தைரியமாகக் கழுத்தை நீட்டலாம். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றால், ரிப்போர்ட்டை வாங்கிக் கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு நடையைக் கட்டலாம். சாதுக் கட்டிதானே? இரண்டு வாரம் தாமதம் ஆனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது!